போர் நடக்கும்போது மாணவரை அதிகாரியாக்க எத்தனை நாள் கொடுத்தார்கள்?

யீசூன்_அம்மா | வெள்ளி, இரவு 9.12

என் மகன் போன மாதம் தெக்கோங் தீவில் பிஎம்டியை, அதாவது அடிப்படைப் படைப் பயிற்சியை, முடித்தான். 24 கிலோமீட்டர் நடந்து வந்து தொப்பியைத் தூக்கி எறிந்தான். நானும் அவன் அப்பாவும் அழுதோம். இதெல்லாம் இங்கே சிங்கப்பூரில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இப்போது ஓசிஎஸ் என்னும் அதிகாரிப் பயிற்சிப் பள்ளிக்குத் தேர்வாகியிருக்கிறான். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது, கட்டாயப் படைச் சேவையான என்எஸ் முடிந்த பிறகு போய்ச் சேருவான்.

இன்று முகாமிலிருந்து புக் அவுட் ஆகி வந்தவன் சாப்பிடும்போது கேட்டான்: "ஒன்பது மாதம் சொல்லிக்கொடுத்துவிட்டு, என் வயதுப் பையன்கள் முப்பது பேரை என் கையில் ஒப்படைப்பார்கள். நிஜமாகவே போர் நடந்துகொண்டிருந்தால் எத்தனை நாள்மா கொடுத்திருப்பாங்க?" என்னிடம் பதில் இல்லை. ரசம் ஊற்றிய கை அப்படியே நின்றுவிட்டது.

இந்த இழையில் படையில் இருந்தவர்களும் வரலாறு படித்தவர்களும் இருக்கிறீர்கள். போர்க்காலத்தில் கல்லூரியிலிருந்து பையன்களை எடுத்து அதிகாரியாக்கியது எப்படி நடந்தது? பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்? மகனுக்குச் சொல்ல வேண்டும். எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.


பாசிர்_லாபா_98 | வெள்ளி, இரவு 10.05

அக்கா, முதலில் வாழ்த்து. நான் 98-ல் ஓசிஎஸ் முடித்தவன்.

ஒன்பது மாதத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்கிறேன், அப்போதுதான் சுருக்கினால் எது போகும் என்று புரியும். தொடக்கத்தில் நீங்களே ஒரு நல்ல சிப்பாய் ஆக வேண்டும். அடுத்து ஏழு பேரை நடத்தக் கற்பீர்கள். அதன் பிறகுதான் முப்பது பேர் கொண்ட பிளட்டூன். ஒவ்வொரு பயிற்சியிலும் கேடட்டுகள் மாறி மாறித் தலைமை ஏற்பார்கள். தப்பான குன்றில் ஆட்களை ஏற்றிவிட்டு, மழையில் நனைந்தபடி நண்பர்களின் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் அப்படி ஒரு முறை நின்றேன். புருணை காட்டில் ஒன்பது நாள் பசியோடு நடந்ததைவிட அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. சுருக்கும்போது முதலில் காணாமல் போவது அந்த மாதிரி மணி நேரங்கள். துப்பாக்கி சுடுவதை யாரும் வெட்ட மாட்டார்கள். தவறு செய்து திருந்த இருக்கும் இடத்தைத்தான் வெட்டுவார்கள்.

நம் நாட்டின் முதல் தொகுதியைப் பாருங்கள். ஆயுதப்படைப் பயிற்சிக் கழகமான சாஃப்டி 1966-ல் பாசிர் லாபாவில் தொடங்கியது. முதல் அதிகாரிப் பயிற்சி அந்த ஆண்டு ஜூன் மாதம் ஆரம்பித்தது. இந்தோனீசியாவுடனான கன்ஃப்ரன்டாசி மோதல் அப்போது முறைப்படி முடிந்திருக்கவில்லை, ஆகஸ்ட்டில்தான் ஒப்பந்தம் கையெழுத்தானது. மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு வெடித்து 3 பேர் இறந்தது 1965 மார்ச் 10. அந்த நினைவு யாருக்கும் ஆறவில்லை. சுதந்திரம் கிடைத்தபோது நம்மிடம் இருந்தவை இரண்டே காலாட்படைப் பட்டாளங்கள். அவ்வளவு அவசரத்திலும் முதல் 117 அதிகாரிகள் வெளியே வந்தது 1967 ஜூலை 16-ல். ஓராண்டுக்கும் மேல் எடுத்துக்கொண்டார்கள். அந்த முடிவை எடுத்தவர்கள் மேல் எனக்கு இன்றும் பெரிய மரியாதை உண்டு.


தேக்கா_தம்பி | வெள்ளி, இரவு 11.31

அண்ணன் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. நான் சார்ஜண்ட்டாக என்எஸ் முடித்து இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா காலாட்படை அதிகாரிகளை 13 வாரத்தில் உருவாக்கியது. 'தொண்ணூறு நாள் அதிசயம்' என்றே அவர்களுக்குப் பெயர். 1943-ல்தான் அதை 17 வாரமாக நீட்டினார்கள். கடற்படை அதே ஆண்டு ஜூலையில் வி-12 என்ற திட்டத்தைத் தொடங்கி, 131 கல்லூரிகளில் 1,25,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைச் சேர்த்தது. சீருடை போட்டுக்கொண்டு கணக்கும் இயற்பியலும் படித்தார்கள், பிறகு கப்பலுக்குப் போனார்கள். அந்தப் படைதான் போரை ஜெயித்தது.

படிக்கிற பையன் சீக்கிரம் கற்றுக்கொள்வான். போர் வந்தால் எதிரி நமக்காக 38 வாரம் காத்திருப்பானா?


பாசிர்_லாபா_98 | சனி, காலை 7.20

தம்பி, 13 வாரத்தை ஏன் 17 ஆக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள். போரின் நடுவில் நீட்டினார்கள். போதவில்லை என்று தெரிந்ததால்தானே?

இன்னொன்று, நீங்கள் சார்ஜண்ட். புதிதாக வந்த இரண்டாம் லெப்டினன்ட்டை முதல் மாதம் யார் தாங்கிப் பிடிக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அனுபவமுள்ள சார்ஜண்ட்டுகள் நிறைய இருக்கும் படையில் இளம் அதிகாரி குறைந்த பயிற்சியோடு வந்தாலும் சமாளித்துவிடலாம். 1966-ல் நம்மிடம் அவர்கள் எத்தனை பேர் இருந்தார்கள்?


தேக்கா_தம்பி | சனி, காலை 9.02

சார்ஜண்ட் விஷயம் சரிதான். என் பிளட்டூனுக்கு வந்த அதிகாரி முதல் ஃபீல்டு கேம்பில் இரவு என்னிடம் வந்து, "நான் சொன்ன இடத்தில் ஷெல்ஸ்கிரேப் தோண்டியது சரியா?" என்று மெதுவாகக் கேட்டார். ஷெல்ஸ்கிரேப் என்றால் குண்டிலிருந்து தப்பப் படுத்துக்கொள்ளும் ஆழமில்லாத குழி. கேட்கும் மனசு இருந்ததால்தான் அவரை எங்களுக்குப் பிடித்தது.


கேத்தே_மாடி | சனி, பிற்பகல் 2.47

அம்மா, உங்கள் மகனின் கேள்விக்கு நம் ஊரிலேயே பதில் கிடக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

1943 ஜூலை 2-ல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தார். 4-ஆம் தேதி கேத்தே கட்டடத்தில் தலைமை ஏற்றார். 5-ஆம் தேதி பாடாங் திடலில் இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பு. அடுத்த நாள் அதே பாடாங்கில் ஜப்பானியப் பிரதமர் டோஜோ வந்து அணிவகுப்பைப் பார்வையிட்டார். அந்தப் படையில் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து வந்த பழைய வீரர்கள் இருந்தார்கள். ஆனால் போஸ் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இருந்த சாதாரண இந்தியர்களையும் அழைத்தார். தோட்டத்துத் தமிழர்கள், கடை எழுத்தர்கள், பள்ளியில் மேல் வகுப்பு படித்த பையன்கள் எல்லாரும் வந்தார்கள். படித்தவர்கள் குறைவு என்பதால் அதிகாரிப் பயிற்சிக்கு அவர்களைத்தான் முதலில் பார்த்தார்கள்.

அவர்களில் சுமார் 45 பேரைத் தேர்ந்தெடுத்து ஜப்பானுக்கு அனுப்பினார்கள். 'டோக்கியோ கேடட்டுகள்' என்று சொல்வோம். சிலர் ராணுவக் கழகத்துக்கு, சிலர் விமானப் பயிற்சிக்கு. பதினாறு, பதினெட்டு வயதுப் பையன்கள், மொழி தெரியாத ஊர், குளிர், மேலே குண்டு போடும் விமானங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே அவர்களுக்கு முழுப் பாடத்திட்டம் வைத்தார்கள், அவசரப் படிப்பு வைக்கவில்லை. பயிற்சி முடியும் முன்பே 1945 ஆகஸ்ட்டில் போர் முடிந்துவிட்டது. அந்தப் பையன்களில் ஒருவரான ரமேஷ் பெனகல் பிறகு இந்திய விமானப் படையில் சேர்ந்து, 1971 போரில் மகாவீர் சக்கரம் பெற்றார். வீணாகாத பயிற்சி என்று எனக்குத் தோன்றுவது அதுதான்.

பெண்களையும் விட்டுவிடக் கூடாது. 1943 அக்டோபர் 22-ல் வாட்டர்லூ தெருவில் ஜான்சி ராணிப் படையின் முகாம் திறந்தது. மருத்துவர் லட்சுமி சுவாமிநாதன் தலைமை. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கோலாலம்பூரிலிருந்து வந்து சேர்ந்த ஜானகி தேவருக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். பின்னாளில் மலேசிய மேலவை உறுப்பினரானார். சிப்பாய்களாகச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்.

இப்போது நான் உண்மையில் சொல்ல வந்தது. அந்த முகாம் திறப்பதற்கு முந்தைய நாள், அக்டோபர் 21. கேத்தேயில் போஸ் சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். அதே நாள் டோக்கியோவில், மெய்ஜி ஆலயத்தின் வெளித்தோட்ட அரங்கில், மழையில், ஆயிரக்கணக்கான பல்கலைக்கழக மாணவர்கள் சீருடையோடு துப்பாக்கி தாங்கி அணிவகுத்தார்கள். ஜூலையில் நம் பாடாங்கில் நின்ற அதே டோஜோ அங்கே நின்று அவர்களை வழியனுப்பினார். அதுவரை மாணவர்களுக்கு இருந்த படைச் சேவை ஒத்திவைப்பை அரசு எடுத்துவிட்டிருந்தது. அறிவியல், பொறியியல், மருத்துவம், ஆசிரியர் பயிற்சி மாணவர்களை மட்டும் படிக்க விட்டார்கள். இலக்கியமும் சட்டமும் பொருளாதாரமும் படித்தவர்கள் போனார்கள்.

பலரை ரிசர்வ் அதிகாரிகளாக அவசர அவசரமாகத் தயார் செய்தார்கள். விமானம் ஓட்ட அவர்களுக்குக் கிடைத்த மணி நேரங்கள், போருக்கு முந்தைய விமானிகளுக்குக் கிடைத்ததில் சிறு பங்கு. 1944 அக்டோபரில் தற்கொலைத் தாக்குதல்கள் தொடங்கின. அவற்றில் இறந்த கடற்படை அதிகாரிகளில் பெரும்பாலோர் இப்படிக் கல்லூரியிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். மேலே ஏறிக் கப்பல் மேல் மோதுவதற்குப் போதுமான அளவு பயிற்சி. தாக்கப் போனவர்கள் திரும்பி வந்து தரையிறங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இதை வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்லியிருக்கிறேன், ஒரு வருடமும் குரல் நடுங்காமல் சொன்னதில்லை.

ஆகவே, அம்மா, உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: எத்தனை நாள் கொடுப்பார்கள் என்பது அவனை எதற்காக எடுக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முப்பது பேரைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டி வர வேண்டியவன் என்றால் மாதக்கணக்கில் கொடுப்பார்கள்.


யீசூன்_அம்மா | சனி, மாலை 5.30

ஐயா, இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை மகனையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்தேன். "தரையிறங்க" என்ற வரியில் அவன் எழுந்து போய்விட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "மீதியைப் படிங்கம்மா" என்றான்.


பரங்கிமலைப்_பிள்ளை | சனி, இரவு 8.44

நான் சென்னையிலிருந்து வந்து பதினான்கு வருடமாக இங்கே இருக்கிறேன், பிஆர், அதாவது நிரந்தரவாசி. என் அப்பாவின் கதை இந்த இழைக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

இந்தியாவில் கல்லூரி மாணவர்களுக்குப் படைப் பயிற்சி பழையது. முதல் உலகப் போருக்குப் பின் பல்கலைக்கழகப் பயிற்சிப் படை என்று ஒன்று இருந்தது. 1942-ல், போர் நடுவில், அதன் பெயரையே பல்கலைக்கழக அதிகாரிப் பயிற்சிப் படை என்று மாற்றினார்கள். சிப்பாய் தேடியவர்களுக்கு அதிகாரி தேவைப்பட்டுவிட்டது என்பது பெயரிலேயே தெரிகிறது. 1948-ல் அதன் இடத்தில் என்சிசி வந்தது.

1962-ல் சீனாவோடு நடந்த போரில் பட்ட அடிக்குப் பிறகு அவசரகால கமிஷன், அதாவது அவசரத் தேவைக்காகக் கொடுக்கும் அதிகாரிப் பதவி, வந்தது. 1963-ல் சென்னை பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. அப்பா அப்போது மதுரையில் ஒரு கல்லூரியில் எம்எஸ்சி இயற்பியல். என்சிசியில் இருந்தவர். ஒரு நாள் தாத்தாவிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ரயிலேறிவிட்டார். ஆறு மாத அளவில் பயிற்சி. அப்புறம் மெட்ராஸ் ரெஜிமெண்ட், 1965-ல் பஞ்சாப் எல்லை.

போர்முனையைப் பற்றி அப்பா அதிகம் பேச மாட்டார். ஆனால் அவருடைய இயற்பியல் நோட்டு எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் பாதியில் ஒளியியல் சமன்பாடுகள். நடுவில் ஒரு பக்கம் வெறுமை. அதன் பிறகு அதே கையெழுத்தில் அவர் பிளட்டூன் ஆட்களின் பெயர்கள், ஊர், மனைவி பெயர், எத்தனை பிள்ளைகள், கடைசியாக விடுப்பில் போன தேதி. சிலர் பெயருக்கு எதிரே சின்னதாக ஒரு கோடு. கோடு எதற்கு என்று சின்ன வயதில் கேட்டேன். நோட்டை மூடி வைத்துவிட்டார்.

"படிப்பு படையில் உதவியதா அப்பா?" என்று ஒரு முறை கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். இரவில் ஆட்கள் ஒவ்வொருவராக வந்து கடிதம் எழுதித் தரச் சொல்வார்களாம். எழுதத் தெரியாதவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவாராம். யாருக்கு வீட்டில் கடன், யாருக்கு அம்மா உடம்பு சரியில்லை, எல்லாம் அப்படித்தான் தெரிந்ததாம். "அவங்க என்னை நம்பினது அதனாலதான்டா" என்றார்.

மனக்குறை அதற்குப் பிறகுதான். அவசர கமிஷன் வாங்கியவர்களில் நிறையப் பேரைப் போர் முடிந்த சில வருடங்களில் விடுவித்தார்கள். அப்பாவும் வெளியே வந்தார். கல்லூரிக்குப் போய்க் கேட்டபோது, விட்டுப்போன படிப்பைத் தொடர முடியாது, முதலிலிருந்து சேர வேண்டும் என்றார்கள். அதற்குள் கல்யாணம், தங்கை படிப்பு என்று பொறுப்புகள் வந்துவிட்டன. கடைசிவரை எம்எஸ்சி முடிக்கவில்லை. நான் இங்கே பட்டம் வாங்கியபோது போட்டோவுக்கு நிற்கும் முன் சான்றிதழைக் கையில் வாங்கி, விரலால் தடவிப் பார்த்தார்.

எத்தனை நாள் பயிற்சி என்று பேசுகிறீர்கள். திரும்பி வந்தவனுக்கு அவன் படிப்பைத் திருப்பிக் கொடுத்தார்களா என்றும் கேளுங்கள்.


தேக்கா_தம்பி | சனி, இரவு 10.19

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நான் முன்னே சொன்னதை மறுபடி தோண்டிப் பார்த்தேன். பாதியைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அமெரிக்கத் தரைப்படையும் 1942 இறுதியில் மாணவர்களுக்கென ஒரு சிறப்புப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. உச்சத்தில் சுமார் 1,45,000 பேர் கல்லூரிகளில் இருந்தார்கள். பொறியியலும் மொழிகளும் படிக்கவைப்போம், பயிற்சிக்குப் பின் உயர்வு உண்டு என்ற நம்பிக்கையில் சேர்ந்தவர்கள். 1944 பிப்ரவரியில் ஐரோப்பியப் படையெடுப்புக்கு ஆள் போதவில்லை என்று திட்டத்தையே வெட்டினார்கள். சுமார் 1,10,000 மாணவர்களை வகுப்பறையிலிருந்து எடுத்துச் சாதாரணச் சிப்பாய்களாகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பினார்கள். கடற்படையின் வி-12 பையன்களுக்குக் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது, இவர்களுக்குக் கொடுத்தது காப்பாற்றப்படவில்லை. ஒரே நாடு, ஒரே வருடம்.

ஆனால் உங்கள் கேள்விக்கும் அங்கே ஒரு பதில் இருக்கிறது. அதே 1944 ஜூனில் போர் வீரர்களுக்குக் கல்விச் செலவு தரும் சட்டம் வந்தது. 1956 வரை சுமார் 22 லட்சம் பேர் அதை வைத்துக் கல்லூரிக்குப் போனார்கள். உங்கள் அப்பாவுக்கு அப்படி ஒன்று கிடைத்திருக்க வேண்டும்.


அவுட்ரம்_மாணவி | ஞாயிறு, காலை 12.15

நான் இங்கே மருத்துவம் படிக்கிறேன். என் வகுப்புப் பையன்கள் என்எஸ்ஸைப் பாதியில் நிறுத்திவிட்டுப் படிக்க வந்தவர்கள். டிஸ்ரப்ஷன் என்போம். படிப்பு, மருத்துவமனைப் பயிற்சியான ஹவுஸ்மன்ஷிப் எல்லாம் முடித்துவிட்டு எம்ஓ என்னும் மருத்துவ அதிகாரியாகப் படைக்குத் திரும்புவார்கள். அதற்கென்று தனி அதிகாரிப் பயிற்சியும் உண்டு. படிப்பை முடிக்க விட்டுவிட்டு அதன் பிறகு எடுத்துக்கொள்ளும் இந்த முறை நல்ல முறை என்று நினைக்கிறேன்.

ஏன் சொல்கிறேன் என்றால், எங்கள் கல்லூரியில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு நாள் இருக்கிறது. 1942 பிப்ரவரி 14, சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுவதற்கு முந்தைய நாள். அப்போது கிங் எட்வர்ட் மருத்துவக் கல்லூரி. மாணவர்கள் மருத்துவ உதவிச் சேவையில் காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். டான் டொக் செங் மருத்துவமனையில் குண்டு விழுந்து ஒரு மாணவர் இறந்தார். நண்பர்கள் அவர் உடலைப் பொது மருத்துவமனை வளாகத்துக்குக் கொண்டுவந்து புதைத்துக்கொண்டிருந்தபோது பீரங்கிக் குண்டுகள் அங்கேயும் விழுந்தன. மொத்தம் பத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் இறந்தார்கள். யாரும் அதிகாரி இல்லை, துப்பாக்கி பிடித்ததில்லை. நண்பனை மண்ணில் வைக்க வந்தவர்கள்.

குண்டுச் சத்தம் கேட்டால் கலைந்து படு, திறந்த வெளியில் கூட்டமாக நிற்காதே என்பதைப் பையன்கள் தெக்கோங்கில் முதல் வாரங்களிலேயே கற்கிறார்கள். அந்த ஒரு பாடம் அவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் என்று ஒவ்வொரு பிப்ரவரியிலும் நினைப்பேன்.


பாசிர்_லாபா_98 | ஞாயிறு, காலை 8.03

தங்கச்சி, இருபது வருடம் ஐசிடி என்னும் முகாம் பயிற்சிக்குப் போயும் ஷெல்ஸ்கிரேப் பாடத்தை நான் இப்படி யோசித்ததில்லை. இனி என் ஆட்களுக்குச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வேன்.

யீசூன் அக்கா, ஒன்பது மாதம் முடிந்து கமிஷனிங் அன்று தோள்பட்டையில் பதவிச் சின்னத்தை நீங்களும் அண்ணனும்தான் மாட்டிவிட வேண்டியிருக்கும். கை நடுங்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன். என் அம்மாவுக்கு மூன்று முறை நழுவியது.


யீசூன்_அம்மா | ஞாயிறு, காலை 10.40

எல்லாருக்கும் நன்றி. பரங்கிமலை அண்ணா, உங்கள் அப்பாவின் நோட்டைப் பற்றி மகனிடம் சொன்னேன். அறையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு வந்தான், பச்சை அட்டை போட்டது. பிஎம்டியில் தன் செக்‌ஷன் பையன்களின் பெயரை எழுதி வைத்திருக்கிறான். "வீட்டு விவரம் எழுதலையேம்மா" என்று சொல்லிவிட்டு, அப்படியே ஃபோனை எடுத்து ஒவ்வொருவருக்காக மெசேஜ் போட ஆரம்பித்துவிட்டான்.

மாலை ஐந்து மணிக்கு முகாமுக்குத் திரும்ப வேண்டும். அதற்கு முன் ஐயா சொன்ன பாடாங் பக்கம் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறோம். இந்திய தேசிய ராணுவத்துக்கு ஒரு நினைவிடம் இருந்ததாமே, அது சரியாக எங்கே?


கேத்தே_மாடி | ஞாயிறு, காலை 10.58

எஸ்பிளனேட் ரயில் நிலையத்தில் இறங்குங்கள். எஸ்பிளனேட் பூங்காவுக்குள் கானாட் டிரைவ் ஓரமாக நடந்தால் செனோட்டாஃப் என்னும் போர் நினைவுச் சின்னம் தெரியும், அதற்குப் பக்கத்தில்தான். போஸ் 1945 ஜூலை 8-ல் அடிக்கல் நாட்டிய தூணை அந்த செப்டம்பரிலேயே பிரிட்டிஷார் இடித்துவிட்டார்கள். இப்போது இருப்பது 1995-ல் வைத்த அடையாளக் கல். சின்னது, வேகமாக நடந்தால் தவறவிட்டுவிடுவீர்கள். கானாட் டிரைவுக்கு மறுபக்கம் பாடாங். மத்தியானம் வெயில் கடுமையாக இருக்கும், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள்.